பெலும் அக்கா

யாருடைய மோட்டார் சைக்கிளாக இருந்தாலும் முதலில் சாவியைக் கேட்டு வாங்குவார். அதைத் தன் பேக்டரிச் சட்டைப் பைக்குள் போட்டு, பொத்தானையும் மாட்டிக்கொண்ட பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார். வேலை ஆகிவிட்டாலும் சாவி உடனே நம் கைக்கு வராது. அவரே ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்விட்டு வருவார். வந்து இறங்கி, துணியில் கையைத் துடைத்து, நம் முகத்தை நேராகப் பார்த்து, "முடிஞ்சிருச்சு, எடுத்துக்கங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையை அவர்தான் சொல்ல வேண்டும். வேறு யாராவது முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அவர் முகம் மாறிவிடும்.

பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டிய வீடு அவருடையது. நான் அங்கே குடிவந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு பேக்டரியில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் வேலை. அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான் பெண். வேலை விட்டு வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல், ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து யாருடைய வண்டிக்கு முன்னாலாவது உட்கார்ந்துவிடுவார். கூலி என்று யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை.

இரண்டாம் மாடியில் இருந்த மலாய்க்காரருக்குப் பொறுமை கிடையாது. ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மேலேயிருந்து எட்டிப் பார்ப்பார்.

"சுடா சியாப், காக்?"

முடிந்துவிட்டதா அக்கா என்று கேட்கிறார். இவர் தலையை நிமிர்த்தாமலே பதில் சொல்வார்.

"பெலும்."

இன்னும் இல்லை. அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடி "சுடா சியாப்?" மறுபடி "பெலும்." ஸ்கூட்டர் பூட்டி, துடைத்து, பளபளவென்று நிற்கும். அப்போதும் பெலும்தான். ஒரு சுற்றுப் போய்விட்டு வந்த பிறகுதான் சியாப். இதைப் பார்த்துப் பார்த்து எங்கள் பிளாக் பிள்ளைகள் அவருக்குப் பெலும் அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளின் சின்ன சைக்கிளுக்குச் செயின் மாட்டிக் கொடுத்தாலும் அதே கதைதான். முழங்கால் இரண்டும் முகவாயில் இடிக்க, அந்தக் குட்டி சைக்கிளில் உட்கார்ந்து வாசலை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகே கொடுப்பார். பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார். பிரேக்கை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டு வருவார்.

எனக்கு அவர் பழக்கமானதும் ஒரு பிரேக்கினால்தான். என்னிடம் இருந்தது ஒரு பழைய கப்சாய். இந்த ஊரில் வீட்டுக்கு இரண்டு நிற்கும் சின்ன மோட்டார் சைக்கிளை அப்படித்தான் சொல்வோம். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வைத்தது. ஒரு சனிக்கிழமை சந்தைக்குப் போய் வரும்போது வண்டி இழுக்கவே மாட்டேன் என்றது. இன்ஜினை நிறுத்திவிட்டுத் தள்ளிப் பார்த்தேன். யாரோ முன்னால் நின்று எதிர்ப்பக்கம் தள்ளுவது போல் இருந்தது. வியர்வை வழிய எங்கள் பிளாக்குக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

"என்ன தம்பி, மாட்ட இழுத்துட்டு வர்ற மாதிரி வர்றீங்க?"

முக்காலியிலிருந்து எழுந்து வந்தார். பக்கத்தில் இருந்த போத்தலிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீரை முன்சக்கரத்தின் டிஸ்க்மேல் தெளித்தார். சுர்ரென்று ஆவி கிளம்பியது.

"காலிப்பர் இறுகிப்போச்சு. பிரேக் புடிச்சா உள்ள இருக்கிற பிஸ்டன் வெளிய வந்து டிஸ்க்க நெருக்கும். விட்டா பின்னால போயிரணும். ஒங்களுது போக மாட்டேங்குது. துருப் புடிச்சு அங்கயே நிக்குது. சாவியக் குடுங்க."

கொடுத்தேன். பைக்குள் போனது. பொத்தான் மாட்டப்பட்டது.

அந்த வேலை இரண்டு நாள் எடுத்தது. காலிப்பரைக் கழற்றி, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் தேய்ந்துபோன பேட் இரண்டையும் எடுத்து, பிஸ்டன் தெரியும் இடத்தைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெயைப் பீய்ச்சி, ஒரு ராத்திரி ஊற வைத்தார். அவசரப்பட்டு நான், "இடுக்கியால புடிச்சுத் திருகி எடுத்துடலாமேக்கா" என்றேன். "கோடு விழுந்துரும். கோடு விழுந்தா எண்ணெய் கசியும். அப்புறம் பிரேக் இருக்காதுலா" என்றார். மறுநாள் சாயங்காலம், பிரேக் கைப்பிடியை மெதுவாக அழுத்தி அழுத்தி, எண்ணெயின் அழுத்தத்தாலேயே பிஸ்டனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளினார். அது வெளியே வந்தபோது கூடவே தேத்தண்ணி நிறத்தில் எண்ணெய் கொட்டியது.

"எத்தன வருஷமாச்சு எண்ணெய் மாத்தி?"

எனக்குத் தெரியவில்லை. அவர் திட்டவில்லை. ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டிச் சுத்தம் செய்தார். பிஸ்டனை மெல்லிய உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, நகத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். புது வளையம், புது பேட், புது எண்ணெய். காற்றை எல்லாம் வெளியேற்றி, திருகு ஒவ்வொன்றையும் இறுக்கினார். எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது போல் இருந்தது. அப்போதுதான் என் கையைப் பிடித்து இழுத்து பிரேக் கைப்பிடிமேல் வைத்தார்.

"புடிச்சுப் பாருங்க."

பிடித்தேன். கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய்விட்டது. வெறும் காற்றைப் பிடித்தது போல.

"பாத்தீங்களா? புது பேட் மாட்டும்போது பிஸ்டன உள்ள தள்ளி வச்சிருக்கோம். மொத தடவ புடிச்சா பிரேக் இருக்காது. நாலஞ்சு வாட்டி அடிச்சு ஏத்துனாதான் வரும். பாக்குறதுக்கு வண்டி முடிஞ்ச மாதிரி இருக்கும். முடிஞ்சிருக்காது."

சொல்லிவிட்டுத் தானே ஐந்தாறு தடவை அழுத்தினார். கைப்பிடி கல்லாக நின்றது. பிறகு ஏறிப் போனவர், கெலுகோர் மேட்டுப் பக்கமெல்லாம் போய்விட்டு, நான் ஒரு முழுக் கோப்பை தே தாரிக் குடித்து முடித்த பிறகு வந்தார். "முடிஞ்சிருச்சு, எடுத்துக்கங்க."

இப்படி ஒருவர் எல்லோருக்கும் அமைவதில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். கொஞ்சம் கூடுதலாகப் பயப்படுகிறார், அவ்வளவுதான். என் மனைவிக்கும் அவரைப் பிடித்துப் போயிற்று. எங்கள் வீட்டில் கேஸ் தோம்பு மாற்றினால்கூடக் கூப்பிடாமலே வந்துவிடுவார். தானே அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்த பிறகுதான் என் மனைவியைப் பக்கத்தில் விடுவார். அவர் பேக்டரியில் வேலை செய்த ஒருவர் என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அடுத்த ஷிப்ட்டுக்காரர்கள் வந்து நின்றாலும் இயந்திரத்தைக் கொடுக்கமாட்டாராம். அரைமணி நேரம் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாராம்.

அவர் வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட ஒரு படம் இருந்தது. மெல்லிய மீசை வைத்த இளைஞர். கணவர். மோட்டார் சைக்கிள் விபத்தில் போனவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. ஒரே மகள், கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தாள். பண்டிகைக்குப் பண்டிகை வருவாள். வந்தால் இரண்டு நாளில் போய்விடுவாள்.

இரண்டு வருடம் கழித்து என் வண்டியின் காலிப்பர் மறுபடியும் இறுகியது. தப்பு என்னுடையதுதான். எண்ணெயை வருடா வருடம் மாற்றச் சொல்லியிருந்தார், நான் மாற்றவில்லை. அவர் சலித்துக்கொள்ளாமல் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்றைக்கு எனக்கு மத்தியான ஷிப்ட். புது சூப்பர்வைசர், ஐந்து நிமிடம் பிந்தினாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள். நான் கீழே இறங்கி வந்தபோது காலிப்பர் மாட்டியாகிவிட்டது. சக்கரம் சுற்றியது. திருகு எல்லாம் இறுக்கியிருந்தது. அக்காவைக் காணோம். வீட்டுக்குள் போன் அடித்திருக்கிறது, எடுக்கப் போயிருக்கிறார். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். என் பையில் மாற்றுச் சாவி இருந்தது.

ஏறிக் கிளம்பிவிட்டேன். அவ்வளவுதான். ஒரு சூப்பர்வைசரின் முகத்துக்குப் பயந்து.

வாசலைத் தாண்டும்போதே பின்னால் குரல் கேட்டது. என் பெயரைச் சொல்லிக் கத்தினார். திரும்பிக் கையை ஆட்டிவிட்டுப் போனேன். பெரிய சாலையில் சேரும் வளைவுக்கு முன்னால் ஒரு கார் குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது.

 காலால் பின் பிரேக்கை மிதித்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு போய்ச் சாலையோரக் கல்லில் இடித்து நின்றது. கார்க்காரர் ஏதோ திட்டிவிட்டுப் போனார். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிரேக்கை ஐந்து தடவை, பத்து தடவை அழுத்தினேன். அது கெட்டிப்பட்டது. வண்டியைத் திருப்பினேன்.

அக்கா நடுச்சாலையில் ஓடி வந்துகொண்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. கையில் ஸ்பேனர். ஒரு பஸ் ஹார்ன் அடித்து அவரைச் சுற்றிக்கொண்டு போனது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. எங்கேயோ விழுந்து எழுந்திருக்கிறார், ஒரு முழங்காலில் கால்சட்டை கிழிந்து ரத்தம். நான் பக்கத்தில் போய் நிறுத்தினேன். பயத்தில் சிரிப்புத்தான் வந்தது எனக்கு.

"ஒண்ணும் ஆகலையேக்கா. இங்க பாருங்க, நல்லாத்தான்..."

அறைந்தார். ஹெல்மெட்டோடு சேர்த்து என் தலையே திரும்பியது.

"நான் சொன்னேனா? முடிஞ்சிருச்சுன்னு நான் சொன்னேனாடா ஒன்கிட்ட?"

அதற்கு முன்பும் பின்பும் அவர் என்னை 'டா' போட்டதில்லை. அப்படியே சாலையோரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு இரைத்தது. கண்ணில் தண்ணீர் இல்லை. என் கால்சட்டையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விடவே இல்லை. அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து நான்தான் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். உட்காரச் சொன்னார். மருந்துக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, கணவரின் படத்துக்கு எதிரே உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னார்.

"இதே கோளாறுதான் தம்பி. காலிப்பர் இறுகிப்போயி. அப்ப நாங்க பாயா தெருபோங் மேட்டுல இருந்தோம், அஞ்சாவது மாடி. எல்லாம் மாட்டிட்டேன். பிரேக் அடிச்சு ஏத்துறது ஒண்ணுதான் பாக்கி. தூறல் போட ஆரம்பிச்சிருச்சு. மேல துணி காயுது. பாப்பாவ முக்காலியில ஒக்கார வச்சு, அம்மா வர்ற வரைக்கும் வண்டியப் பாத்துக்கன்னு சொல்லிட்டு ஓடுனேன். சாவி வண்டியிலயே இருந்துச்சு."

மகளுக்கு அப்போது ஆறு வயது.

"துணி எடுத்துக்கிட்டே கீழ பாக்குறேன், அவரு நிக்கிறாரு. ஷிப்ட்டுக்கு நேரமாச்சு அவருக்கு. குனிஞ்சு பாப்பாகிட்ட ஏதோ கேக்குறாரு. பாப்பா பெரிய மனுசி மாதிரி தலைய ஆட்டுது. எனக்குப் புரிஞ்சிருச்சு. கத்துனேன் தம்பி. அஞ்சாவது மாடியிலருந்து கத்துனேன். மழை, வண்டிச் சத்தம். அவரு மேல பாக்கவே இல்ல."

அந்த மேட்டிலிருந்து சாலை செங்குத்தாக இறங்கிப் பெரிய ரோட்டில் போய் முட்டும். நனைந்த சாலையில் பின் பிரேக் மட்டும் போதவில்லை. கீழே லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"நான் கீழ எறங்கி வந்தப்ப பாப்பா ஓடியாந்து காலக் கட்டிக்கிச்சு. 'அம்மா, அப்பா முடிஞ்சிருச்சான்னு கேட்டாரு. நான் முடிஞ்சிருச்சுன்னு சொன்னேன்மா'ன்னு சொல்லுச்சு. சந்தோஷமா சொல்லுச்சு தம்பி. அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணிட்டோம்னு."

அக்கா நீட்டிய காலைத் தடவிக்கொண்டே தொடர்ந்தார்.

"மூணாம் நாளு, எல்லாரும் ஒக்காந்திருக்கிறப்ப, என் மாமியார் கேட்டாங்க. பிரேக்க செஞ்சது யாரு, எடுத்துட்டுப் போன்னு சொன்னது யாருன்னு. பாப்பா என் மடியில இருக்கு. வாயத் தொறக்கப் போவுது, எனக்குத் தெரியுது. நான் முந்திக்கிட்டேன். நான்தான் செஞ்சேன், நான்தான் முடிஞ்சிருச்சுன்னு சொன்னேன்னு சொல்லிட்டேன். மாமியார் எந்திரிச்சு வந்து என் கன்னத்துல அறைஞ்சாங்க. பாப்பா என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம் அதப் பத்தி ஒரு வார்த்த பேசல. கொஞ்ச நாள்ல மறந்துபோச்சு. அம்மா சொன்னதுதான் அதுக்கு நெசம்னு ஆயிருச்சு."

"இப்ப அவளுக்கு...?"

"அவ அப்பத்தா வீட்டுலதான் பாதி நாள் வளந்தா. அவங்க சொல்லிக் குடுத்ததுதான் அவளுக்குத் தெரியும். அம்மா அஜாக்கிரதையா இருந்ததால அப்பா செத்துட்டாரு. அப்படியே இருக்கட்டும் தம்பி. இது ஒங்களோட இருக்கட்டும்."

கிளம்ப எழுந்தபோது நான் கேட்டேன். "இவ்வளவுக்கு அப்புறமும் ஏன்கா இந்த வேலையச் செய்றீங்க?"

"நான் செய்யலன்னா வேற யாராச்சும் செய்வாங்க. செஞ்சிட்டு, சாவிய வண்டியிலயே வச்சிட்டுப் போவாங்க."

இதை எழுதலாமா என்று வெகுநாள் யோசித்தேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அன்றைக்கு அந்தப் படத்துக்கு முன்னால்தான் தலையாட்டினேன். என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஆனால் அவரைப் பற்றி மாமியார் வீட்டார் பேசிய பேச்சு மட்டும் மிஞ்சிவிடுமோ என்று இப்போது பயமாக இருக்கிறது. மகள் மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். அப்படியும் பெயர் போட மனம் வரவில்லை.

அதன் பிறகு அவர் என் வண்டியைத் தொடும்போதெல்லாம் இரண்டு சாவியையும் கேட்டார். நானும் கொடுத்தேன்.

ஒரு தீபாவளிக்கு மகள் தான் கட்டிக்கொள்ளப் போகிற பையனோடு காரில் வந்திருந்தாள். மறுநாள் காலை கிளம்பும்போது நான் முறுக்குப் பொட்டலம் கொடுக்கக் கீழே இறங்கியிருந்தேன். அக்கா புதுப் புடவையோடு சிமெண்ட் தரையில் மண்டியிட்டு, காரின் முன்சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தான்.

"அம்மா, எந்திரிங்க. ப்ளீஸ்லா."

"ஒரு நிமிஷம் கண்ணு. தூரமாப் போறீங்க. பிரேக் மட்டும் நான் ஒரு சுத்து..."

"இப்பப் பாத்து என்னா செய்யப் போறீங்க?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கேட்கிறது. "பாக்க வேண்டிய அன்னைக்கிப் பாக்கல. இப்ப ஊர்ல உள்ள வண்டியெல்லாம் பாக்குறீங்க."

எனக்கு வாய் வரை வந்துவிட்டது. ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டேன். அக்கா எழுந்து, முந்தானையில் கையைத் துடைப்பது போல என் பக்கமாக வந்து, யாருக்கும் தெரியாமல் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்த கை. எலும்பு வலித்தது.

"ஆமா கண்ணு," என்றார் மகளிடம். "சரி, பாத்துப் போங்க."

கார் போன பிறகும் வெகுநேரம் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். மத்தியானத்துக்கு மேல் மகள் சேர்ந்துவிட்டதாகப் போன் வந்தது. அதன் பிறகுதான் சாப்பிட்டார்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது முற்றிப்போயிருந்தது. உலகத்து வண்டியையெல்லாம் ஓட்டிப் பார்த்தவர் தன் வயிற்று வலியை ஒரு வருடம் பார்க்காமல் விட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் லீவு போட்டு வந்து கூடவே இருந்தாள். குறை சொல்ல முடியாது. நேரத்துக்கு மருந்து, நேரத்துக்குக் கஞ்சி, டாக்டர்களிடம் தெளிவான பேச்சு. தலையைக் கோதிவிடுவது மட்டும் இல்லை.

ஒருநாள் அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பாதியாக இளைத்திருந்தார்.

"அக்கா, இப்பவாச்சும் அவகிட்டச் சொல்லிடுங்க. முப்பது வயசு ஆச்சு அவளுக்கு. தாங்கிக்குவா."

அவர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"முப்பது வயசுல சொன்னாலும், கேக்கப் போறது அந்த ஆறு வயசுப் புள்ளதான் தம்பி."

"அப்ப நீங்க? இப்படியே கெட்ட பேரோட போகணுமா?"

"நான் போயிருவேன்லா. அவ இருக்கணும்ல."

 சன்னலுக்கு வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்கு நாலு நாள் கழித்து, நான் என் மனைவி கொடுத்துவிட்ட கஞ்சியோடு வார்டுக்குள் நுழையும்போது மகள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்காவின் குரல் கிட்டத்தட்ட இல்லை. நான் திரைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன்.

"அம்மாவ மன்னிச்சிரு கண்ணு. அன்னைக்கி நான் சரியாப் பாத்திருந்தா அப்பா இருந்திருப்பாரு. அம்மா தப்புதான்."

 நான் கையில் இருந்த கஞ்சி டப்பாவின் சூடு தாங்காமல் அதை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவள் சொன்னாள்.

"விடுங்கம்மா. நான் மன்னிச்சிட்டேன்."

முதல் தடவையாகக் குனிந்து அம்மாவின் நெற்றியில் கை வைத்தாள். அக்காவின் முகத்தை நான் திரையின் ஓரமாகப் பார்த்தேன். தனக்குச் சேராத அந்த மன்னிப்பை அவர் அவ்வளவு ஆசையாக வாங்கிக்கொண்டார். மகளின் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். நான் கஞ்சியை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்கள் பிளாக்கே வந்திருந்தது. இரண்டாம் மாடி மலாய்க்காரரும் மனைவியோடு வந்து, ஓரமாக நின்றுவிட்டுப் போனார். சாப்பாடு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, மகள் அம்மாவின் சாமான்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கணவன் கடைக்குப் போயிருந்தான்.

"அங்கிள், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"அப்பா போன அன்னைக்கிப் பத்தி அம்மா எப்பயாச்சும் ஒங்ககிட்டப் பேசியிருக்காங்களா?"

டேப்பை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது. மறுபடி இழுத்தேன்.

"இல்லம்மா. அதப் பத்தி அவங்க பேசமாட்டாங்க."

அவள் கையில் இருந்த துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"எனக்கு அன்னைக்கி நடந்தது ஒண்ணும் ஞாபகம் இல்ல அங்கிள். ஆனா ஆஸ்பத்திரில அம்மா பக்கத்துல ஒக்காந்திருக்கிறப்ப ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. மழை தூறுது. அப்பா குனிஞ்சு என்கிட்ட ஏதோ கேக்குறாரு. நான் ஏதோ சொல்றேன். அவரு என் தலையத் தட்டிட்டுப் போறாரு. அவ்வளவுதான். என்ன கேட்டாரு, நான் என்ன சொன்னேன், எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது. ராத்திரியெல்லாம் அதேதான் ஓடிக்கிட்டே இருக்கு."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு பெரிய பெண், படித்தவள், உத்தியோகத்தில் இருப்பவள். அந்த நேரத்தில் அவள் முகத்தில் ஆறு வயதுதான் இருந்தது. அந்தக் கேள்விக்கான பதில் உலகத்தில் இப்போது என் ஒருவனிடம்தான் இருந்தது.  டேப்பின் நுனியைத் தேடிக்கொண்டே, முடிந்தவரை சாதாரணமாகச் சொன்னேன்.

"வேலைக்குப் போற அப்பா சின்னப் புள்ளகிட்ட என்னம்மா கேக்கப் போறாரு? வரும்போது என்ன வாங்கிட்டு வரட்டும்னு கேட்டிருப்பாரு."

அவள் மடித்த துணியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"அப்பம் பாலிக்," என்றாள் மெதுவாக. "கடலை நெறைய்யப் போட்டது. அப்ப எனக்கு அதுன்னா உசுரு. அதத்தான் சொல்லியிருப்பேன், இல்ல அங்கிள்?"

"ஆமாம்மா. அதத்தான் சொல்லியிருப்ப."

பதினாறு நாளாகக் கண் கலங்காமல் எல்லாக் காரியத்தையும் நடத்தியவள், அந்த மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அவள் அழுது முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.